எரிபொருளின் உண்மை விலை

மனிதன் தீயை மூட்டக் கற்ற நாள் முதலாக எரிபொருளை நாடி வருகின்றான். காட்டு விறகும், மரக்கரியும், நிலக்கரியும், மண்ணெண்ணெயும், பெட்ரோலும் ஒன்றன்பின் ஒன்றாக அவனுக்குப் பணி செய்ய வந்தன. எரிபொருள் பெருகப் பெருக அவன் வாழ்வும் விரைவு பெற்றது. ஒரு பகல் முழுதும் நடந்து சென்ற ஊரை இன்று ஒரு மணி நேரத்தில் அடைகின்றான். ஆயிரம் கல் தொலைவில் விளைந்த பழத்தைத் தன் ஊர்ச் சந்தையிலேயே வாங்குகின்றான். இந்நன்மைகளை மறுப்பார் எவரும் இலர். ஆயினும், நன்மையோடு தீமையும் உடன் வந்துள்ளது. அத்தீமையைக் குறைக்க வழி யாது என்பதே இன்று அறிஞர்களும் அரசாங்கங்களும் ஆராயும் வினாவாகும்.

எரிபொருளால் விளையும் தீமையை ஒரு சிறு கணக்கால் அறியலாம். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ முக்கால் கிலோகிராம். அஃது எரியும்போது உண்டாகும் கரியமிலவாயுவின் எடையோ ஏறத்தாழ 2.3 கிலோகிராம். முக்கால் கிலோகிராம் எண்ணெயிலிருந்து அதனைப்போல் மும்மடங்கு எடையுள்ள வாயு எங்ஙனம் பிறந்தது என்று மாணவர் வியத்தல் கூடும். பெட்ரோலில் உள்ள கரி, எரியும் காலத்தில் காற்றிலுள்ள பிராணவாயுவைத் தன்னோடு சேர்த்துக்கொள்கின்றது. அதனாலேயே எடை மிகுகின்றது. இவ்வாயு கண்ணுக்குப் புலப்படாது, மணமும் அற்றது. ஆயினும், இது வானவெளியில் தங்கி, பூமியின் வெப்பம் எளிதில் வெளியேறாதவாறு போர்வைபோல் தடுக்கின்றது. 1958-ஆம் ஆண்டில், ஹவாய்த் தீவிலுள்ள மௌனா லோவா மலையில், சார்லஸ் கீலிங் என்னும் அறிவியலறிஞர் இதனை இடைவிடாது அளக்கத் தொடங்கினார். அப்பொழுது பத்து இலட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 315 பங்கு கரியமிலவாயு இருந்தது. 2024-ஆம் ஆண்டில் அது 420 பங்கைக் கடந்துவிட்டது.

இது மெல்ல வளரும் தீங்கு. உடனே தாக்கும் தீங்கும் உண்டு. வண்டிகளின் புகைக்குழாயிலிருந்து வெளிப்படும் நுண்ணிய கரித்துகள்கள் மூச்சோடு கலந்து நுரையீரலின் ஆழம்வரை செல்கின்றன. வண்டியை ஓட்டி வந்தவர் தெருவைக் கடந்து போய்விடுவார். அத்தெருவிலே கடை வைத்திருப்பவரும், அங்கே குடியிருக்கும் குழந்தையும் அப்புகையை நாள் முழுதும் நுகர்கின்றனர். எரிபொருளால் வரும் பயன் ஒருவருக்கு. அதனால் வரும் துன்பம் மற்றொருவருக்கு. இந்த முறைகேடே நாம் எடுத்துக்கொண்ட பொருளின் வேர் எனலாம்.

இம்முறைகேட்டை நீக்குதற்குப் பலர் ஓர் எளிய வழியைக் கூறுகின்றனர். எரிபொருளின்மீது வரியை மிகுத்து, அதன் விலையை உயர்த்திவிட்டால், மக்கள் அதனைக் குறைவாகப் பயன்படுத்துவர். காற்றும் தூய்மை பெறும் என்பது அவர்கள் கருத்து. மற்றொரு சாரார் இதனை ஒப்புவதில்லை. விலையேற்றம் ஏழைகளை வாட்டுமேயன்றிக் காற்றைத் தூய்மை செய்யாது என்று அவர்கள் வாதிடுகின்றனர். இவ்விரு கூற்றுகளில் எது மெய்? சுற்றுப்புறக் கேட்டினைத் தீர்க்க எரிபொருள் விலையை உயர்த்துவதே தலைசிறந்த வழியாகுமா? நாடுகள் பல இதனைச் செய்து பார்த்துள்ளன. அவற்றின் பட்டறிவைக் கொண்டு விடை காண முயல்வோம்.

முதலில், விலையை உயர்த்தவேண்டும் என்போரின் நியாயத்தைக் கேட்போம். இங்கிலாந்து நாட்டுக் கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் பிகு என்னும் பொருளியல் பேராசிரியர் இருந்தார். அவர் 1920-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் இக்கருத்தைத் தெளிவாக விளக்கினார். அக்காலத்துப் புகைவண்டிகள் நிலக்கரியால் ஓடியவை. எஞ்சினிலிருந்து பறக்கும் தீப்பொறி, சில வேளைகளில் பாதையோரத்து மரங்களில் பற்றி, அவற்றை எரித்துவிடும். புகைவண்டிக் கம்பெனியின் கணக்கேட்டைப் புரட்டினால், நிலக்கரியின் விலை அதில் இருக்கும். ஓட்டுநரின் ஊதியம் இருக்கும். எரிந்த மரங்களின் விலை மட்டும் இராது. அந்த இழப்பு மரத்துக்கு உடையவரின் தலையில் விழுந்துவிட்டது. ஆகவே, பயணச் சீட்டின் விலை உண்மை விலை அன்று. அது குறைத்துக் காட்டப்பட்ட விலையே ஆகும். பிறர்மேல் விழும் இழப்பினை வரியாக விதித்து விலையோடு சேர்த்துவிட்டால், ஒவ்வொருவரும் தம் செயலின் முழுச் செலவையும் உணர்ந்து நடப்பர் என்பது பிகுவின் கொள்கை.

இக்கொள்கையில் ஒரு சிறப்பு உண்டு. விலை என்பது ஓசையின்றிப் பேசும் அறிவுரை. ஒவ்வொரு வீட்டின் வாயிலிலும் காவலரை நிறுத்தி, 'இப்பயணம் வேண்டியது, இது வேண்டாதது' என்று அரசாங்கம் கூறிக்கொண்டிருத்தல் இயலாது. விலை உயர்ந்தால், எந்தப் பயணத்தை விடலாம், எதனை விட இயலாது என்பதை அவரவரே ஆராய்ந்து முடிவு செய்வர். அருகிலுள்ள கடைக்கு வண்டியில் செல்பவர் நடந்து செல்வார். ஒரே அலுவலகத்துக்குத் தனித்தனி வண்டிகளில் செல்லும் இருவர் ஒரு வண்டியில் சேர்ந்து செல்வர். புதிய வண்டி வாங்குபவர் குறைந்த எண்ணெயில் நெடுந்தொலைவு ஓடுவதையே தேடுவார்.

1973-ஆம் ஆண்டு நிகழ்ச்சி இதற்குச் சான்றாகும். அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் மேற்காசியாவில் போர் மூண்டது. அரபு நாடுகள் எண்ணெய் விற்பனையைக் குறைத்தன. பீப்பாய் ஒன்றுக்கு ஏறத்தாழ 3 டாலராக இருந்த விலை, சில திங்களுக்குள் 12 டாலரை நெருங்கிற்று. இஃது இயற்கையைக் காக்கும் நோக்கத்தால் வந்த விலையேற்றம் அன்று. ஆயினும், விலையின் ஆற்றலை உலகுக்கு உணர்த்திற்று. பெரிய வண்டிகளையே விரும்பி வந்த அமெரிக்க மக்கள், குறைந்த எண்ணெயில் ஓடும் ஜப்பானியச் சிறு வண்டிகளை நாடலாயினர். 1975-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம், வண்டி செய்யும் கம்பெனிகள் எரிபொருட் சிக்கனத்தைப் படிப்படியாக மிகுக்கவேண்டும் என்று சட்டமும் இயற்றியது. எனினும், இம்மாறுதல்கள் ஒரே நாளில் வந்தவை அல்ல. விலை உயர்ந்த அன்றே ஒருவர் தம் வண்டியை மாற்றிவிட இயலுமா? வீட்டையும் அலுவலகத்தையும் அருகருகே கொண்டுவர இயலுமா? விலை விரைந்து ஏறும்; வாழ்க்கை முறையோ மெல்லத்தான் மாறும். இடைப்பட்ட காலத்தில் சுமையைத் தாங்குபவர் யார் என்பதை நாம் மறத்தலாகாது.

திட்டமிட்டு வரி விதித்து வெற்றி கண்ட நாடு ஸ்வீடன் ஆகும். அந்நாடு 1991-ஆம் ஆண்டில், எரிபொருள் வெளிவிடும் கரியமிலவாயுவின் அளவைக் கொண்டு வரி விதிக்கத் தொடங்கிற்று. தொடக்கத்தில் டன் ஒன்றுக்கு ஏறத்தாழ 250 குரோனாவாக இருந்த அவ்வரி, ஆண்டுகள் செல்லச் செல்ல உயர்ந்து 1,000 குரோனாவைக் கடந்தது. உலகில் மிக உயர்ந்த கரிவரிகளுள் ஒன்று அது. அங்ஙனமிருந்தும் அந்நாட்டின் தொழில் குன்றவில்லை, செல்வமும் வளர்ந்தது. 2020-ஐ அடுத்த ஆண்டுகளில் அந்நாடு வெளிவிட்ட மாசு வாயுக்களின் அளவு, 1990-ஆம் ஆண்டில் இருந்ததைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

இவ்வெற்றிக்கு வரி மட்டுமே காரணமா? அந்நாட்டின் வரலாற்றை நோக்கினால் வேறு இரண்டு காரணங்களும் விளங்கும். ஸ்வீடன் கடுங்குளிர் நாடு. அங்கு வீடுகளை வெப்பப்படுத்துவதற்கே எரிபொருள் மிகுதியாகச் செலவாகும். பல நகரங்களில், ஊருக்குப் பொதுவான ஒரு நிலையத்தில் நீரைக் காய்ச்சி, நிலத்தடிக் குழாய்களின் வழியே வீடுதோறும் செலுத்தும் முறை, வரி வருவதற்கு முன்னரே அமைந்திருந்தது. வரியினால் எண்ணெய் விலை ஏறியதும், அந்நிலையங்கள் எண்ணெயை விட்டு மரச்சிராய்களையும் மர ஆலைக் கழிவுகளையும் எரிக்கத் தொடங்கின. வீட்டிலிருந்தவர் தம் அறையில் ஒன்றையும் மாற்றவேண்டிய தேவை ஏற்படவில்லை. அன்றியும், அரசாங்கம் கரிவரியை விதித்த அதே காலத்தில் மக்களின் வருமான வரியைக் குறைத்தது. ஒரு கையால் வாங்கியதை மறு கையால் ஓரளவு திருப்பித் தந்தது எனலாம். ஆகவே, அங்கு மாற்று வழியும் இருந்தது; முறைமையும் இருந்தது. அவ்விரண்டின் துணையோடுதான் விலை தன் வேலையைச் செய்தது.

இனி, இதற்கு மாறான ஒரு நிகழ்ச்சியைப் பார்ப்போம். பிரெஞ்சு நாடு 2014-ஆம் ஆண்டில் கரிவரியைத் தொடங்கி, ஆண்டுதோறும் உயர்த்தி வந்தது. டன் ஒன்றுக்கு 7 யூரோவாகத் தொடங்கிய வரி, 2018-ஆம் ஆண்டில் 44 யூரோவைக் கடந்தது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் மீண்டும் உயர்த்தத் திட்டமிடப்பட்டது. அவ்வாண்டில் உலகச் சந்தையில் எண்ணெய் விலையும் ஏறியிருந்தது. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 17-ஆம் நாள், நாடெங்கும் மக்கள் சாலைச் சந்திப்புகளில் திரண்டனர். அன்று கூடியோர் தொகை இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டது என அரசாங்கமே கணக்கிட்டது. அந்நாட்டில் ஒவ்வொரு வண்டியிலும், பழுதுபட்டு நிற்கும்போது அணிவதற்கென ஒளிரும் மஞ்சள் மேற்சட்டை ஒன்று இருத்தல் வேண்டும் என்பது சட்டம். மக்கள் அம்மஞ்சட் சட்டையையே தம் கிளர்ச்சியின் அடையாளமாக அணிந்தனர். கிளர்ச்சி வாரந்தோறும் தொடர்ந்தது. பாரிஸ் மாநகரில் கலகமும் மூண்டது. டிசம்பர்த் திங்களின் முற்பகுதியிலேயே அரசாங்கம் வரி உயர்வைக் கைவிட்டது.

மஞ்சட் சட்டை அணிந்தோர் எல்லாம் இயற்கையின் பகைவர் அல்லர். அவர்களுள் பலர் பெருநகரங்களுக்கு வெளியே வாழ்ந்தவர்கள். நகரினுள் வீட்டு வாடகை மிகுதி. ஆதலின் தொலைவில் குடியேறினர். அங்கே பேருந்து அரிது. சிறு இரயில் பாதைகள் பல மூடப்பட்டிருந்தன. வேலைக்குச் செல்லவும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவும், மருத்துவரைக் காணவும் வண்டியன்றி வேறு வழி இல்லை. மேலும், பல பத்தாண்டுகளாக அரசாங்கமே டீசலுக்குக் குறைந்த வரி விதித்து வந்தது. அதனை நம்பி மக்கள் டீசல் வண்டிகளை வாங்கியிருந்தனர். இப்பொழுது அந்த டீசலுக்கே வரி மிகுதியாக உயர்ந்தது. இதே காலத்தில், செல்வர்கள் செலுத்தி வந்த சொத்து வரி பெரிதும் குறைக்கப்பட்டது. நாடு விட்டு நாடு பறக்கும் விமானத்தின் எரிபொருளுக்கோ வரியே இல்லை. 'வேலைக்குச் செல்பவனின் எண்ணெய்க்கு வரி. உலாச் செல்பவனின் எண்ணெய்க்கு வரி இல்லையா?' என்னும் வினா எழுந்ததில் வியப்பில்லை. மக்கள் வெறுத்தது தூய காற்றை அன்று, ஓரவஞ்சனையையே வெறுத்தனர்.

ஸ்வீடனையும் பிரெஞ்சு நாட்டையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். விலையேற்றம், மாற்று வழி உள்ளவரைத் திருத்தும். மாற்று வழி இல்லாதவரை வருத்தும். பெட்ரோல் விலை ஏறும்போது, இரண்டு வண்டிகள் வைத்திருக்கும் செல்வர் அதனைப் பொருட்படுத்தமாட்டார். அவர் வருவாயில் அது சிறு துளி. விடியற்காலையில் காய்கறி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சந்தைக்குச் செல்லும் சிறு வணிகருக்கோ அவ்விலை ஒரு நாளைய உணவு. அவர் பயணத்தைக் குறைத்தால் வருவாயும் குறையும். எனவே, அவர் எண்ணெயைக் குறைக்காமல் வேறொன்றைக் குறைப்பார். பிள்ளையின் பாலையோ புத்தகத்தையோ குறைப்பார். காற்றில் புகை அவ்வளவே இருக்கும். அவர் வீட்டில் வறுமை மட்டும் மிகும்.

விலையேற்றம் சில இடங்களில் நோக்கத்துக்கு நேர்மாறான பயனையும் தரும். சமையலறையை எண்ணிப் பாருங்கள். விறகும் வறட்டியும் எரியும் அடுப்பின் புகை, பெண்களின் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் பெருங்கேடு விளைவிப்பது. அதனை விலக்குதற்காக 2016-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்குச் சமையல் எரிவாயு இணைப்பு வழங்கும் 'உஜ்வலா' திட்டத்தைத் தொடங்கியது. கோடிக்கணக்கான வீடுகளில் எரிவாயு அடுப்பு வந்தது. ஆனால், உருளையின் விலை உயர்ந்தபோது, ஏழைக் குடும்பங்கள் பல மறு உருளை வாங்குவதைத் தள்ளிப்போட்டு, விறகடுப்பையே மீண்டும் மூட்டின. எரிவாயுவும் மண்ணடியிலிருந்து எடுக்கும் எரிபொருளே. ஆயினும், அதன் விலையை ஏற்றினால் புகை குறையவில்லை, மிகுந்தது. இதனை உணர்ந்தே அரசாங்கம் இத்திட்டத்தினருக்கு 2022-ஆம் ஆண்டில் உருளை ஒன்றுக்கு 200 ரூபாயும், 2023-ஆம் ஆண்டில் அதனை உயர்த்தி 300 ரூபாயும் உதவித்தொகையாக வழங்கியது. இங்கே விலையை இறக்குவதே தூய்மைக்கு வழியாயிற்று.

அங்ஙனமாயின், விலையை விடுத்துச் சட்டத்தை நாடலாமா? சட்டத்தின் வெற்றிக்கும் சான்றுகள் உள்ளன. எஞ்சின் அதிராமல் ஓடுவதற்காக 1920-களிலிருந்து பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்து வந்தனர். ஈயமோ நஞ்சு, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. சில நாடுகள் ஈயமற்ற பெட்ரோலுக்கு வரியைக் குறைத்து மக்களை ஊக்கியது உண்டு. ஆயினும், முடிவில் அந்நஞ்சை ஒழித்தது தடைச் சட்டமே. இந்தியா 2000-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஈயம் கலந்த பெட்ரோலை நாடெங்கும் நிறுத்தியது. உலகில் இறுதியாக அல்ஜீரியா 2021-ஆம் ஆண்டில் நிறுத்தியது. 'நஞ்சு கலக்க விரும்புவோர் கூடுதல் விலை கொடுத்துக் கலக்கலாம்' என்று எந்த நாடும் இறுதிவரை கூறவில்லை. உயிருக்கு உலைவைக்கும் பொருளைத் தடுப்பதே அறம்.

தில்லி மாநகரின் வரலாறும் இத்தகையதே. அங்கே பேருந்துகள் கக்கிய கரும்புகையால் மக்கள் மூச்சுத் திணறினர். எம். சி. மேத்தா என்னும் வழக்கறிஞர் 1985-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் நீதிமன்றம் 1998-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், நகரப் பேருந்துகள் அனைத்தும் டீசலை விட்டு அழுத்திய இயற்கை வாயுவில் ஓடவேண்டும் என்று ஆணையிட்டது. தொடக்கத்தில் வாயு நிலையங்கள் போதாமல் வண்டிகள் நீண்ட வரிசையில் காத்துக் கிடந்தன. கால வரம்பும் நீட்டிக்கப்பட்டது. எனினும், 2002-ஆம் ஆண்டின் இறுதிக்குள் அம்மாற்றம் நிறைவேறியது. பேருந்தின் பின்னே எழுந்த கருமேகம் மறைந்தது. பயணியின் கட்டணத்தை உயர்த்தி அவரைப் பேருந்திலிருந்து விரட்டாமலே, பேருந்தைத் தூய்மை செய்ய முடிந்தது.

ஆனால், சட்டத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அதே நகரம் காட்டிற்று. சட்டம் ஒவ்வொரு வண்டியையும் தூய்மையாக்கும். வண்டிகளின் தொகையை அது கட்டுப்படுத்தாது. பின்வந்த ஆண்டுகளில் தில்லியில் தனியார் வண்டிகள் மிகப் பெருகின. ஒரு வண்டியில் மிச்சப்பட்ட புகையை, பெருகிய வண்டிகள் ஈடு செய்துவிட்டன. குறைந்த எண்ணெயில் ஓடும் வண்டி கிடைத்தால், மனிதன் முன்னினும் மிகுதியாகச் சுற்றவும் தொடங்குகின்றான். இந்த இடத்தில் விலையின் துணை மீண்டும் வேண்டப்படுகின்றது. சட்டம் 'எதனை எரிப்பது' என்பதை வரையறுக்கும்; 'எவ்வளவு எரிப்பது' என்பதை எண்ணிப் பார்க்கச் செய்வது விலையே.

இவ்விரண்டையும் முறையறிந்து இணைத்த ஒரு நகரம் ஸ்டாக்ஹோம். ஸ்வீடனின் தலைநகராகிய அதில், நகரின் நடுப்பகுதிக்குள் வண்டிகள் நெருக்கமான வேளைகளில் நுழையவும் வெளியேறவும் கட்டணம் விதிப்பதென முடிவு செய்தனர். மக்களுள் பலர் அதனை எதிர்த்தனர். ஆகவே, 2006-ஆம் ஆண்டு ஜனவரி முதல் ஜூலை வரை அதனை ஒரு சோதனையாக நடத்தினர். இங்கே நாம் கருதவேண்டியது ஒன்று உண்டு. கட்டணம் தொடங்குவதற்குச் சில திங்களுக்கு முன்னரே, ஏறத்தாழ 200 புதிய பேருந்துகளை ஓடவிட்டு, புதிய வழித்தடங்களையும் திறந்தனர். முதலில் வழி, பிறகே விலை. கட்டணம் வந்ததும், நகரின் எல்லையைக் கடக்கும் வண்டிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. தெருக்கள் அமைதியுற்றதைக் கண்ட மக்கள், அவ்வாண்டு செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் அதனை ஆதரித்தனர். 2007-ஆம் ஆண்டு முதல் அக்கட்டணம் நிலைபெற்றது. கட்டணத்தின் பயனைக் கண்ணாற் கண்ட பின்னரே மக்கள் அதனை ஏற்றனர்.

வரிப்பணத்தை மக்களுக்கே திருப்பித் தருவதும் ஒரு முறையாகும். கனடா நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2008-ஆம் ஆண்டில் டன் ஒன்றுக்கு 10 டாலர் என்று கரிவரியைத் தொடங்கியது. அதனால் வந்த பணத்தைப் பிற வரிகளைக் குறைத்தும், வருவாய் குறைந்தவர்க்கு உதவித்தொகை அளித்தும் திருப்பித் தந்தது. நல்ல ஏற்பாடே. ஆயினும், பதினேழு ஆண்டுகள் கழித்து, 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், பொதுமக்கள் எரிபொருளுக்குச் செலுத்திய அவ்வரி நீக்கப்பட்டது. எண்ணெய் நிரப்பும்போதெல்லாம் செலுத்தும் வரி மக்கள் கண்ணில் நாள்தோறும் படும். திரும்பி வரும் பணமோ இடையிடையே ஓசையின்றி வரும். ஆதலின், முறையான வரியாயினும், மக்களின் நம்பிக்கையைப் பெறாவிடில் அது நெடுநாள் நிற்பதில்லை.

மற்றொன்றும் கூறவேண்டும். சுற்றுப்புறக் கேடு என்பது எரிபொருட் புகை ஒன்றே அன்று. ஆற்றில் கலக்கும் சாயக் கழிவும், ஏரியை மூடும் குப்பையும், வயலில் எரிக்கும் வைக்கோலும், வெட்டப்படும் காடும் பெட்ரோலின் விலையை ஏற்றுவதால் நீங்குவன அல்ல. பல நோய்களுக்கு ஒரே மருந்தினைத் தரும் மருத்துவரை நாம் நம்புவோமா? விலையேற்றம் தலைசிறந்த மருந்து என்பவர், முதலில் நோயின் பெயரைக் கேட்டறிதல் வேண்டும்.

இதுகாறும் கூறியவற்றால் தேறும் முடிவு யாது? எரிபொருள் இன்று பல இடங்களில் தன் உண்மை விலைக்குக் குறைவாகவே விற்கப்படுகின்றது. அதன் புகையால் வரும் இழப்பை யாரோ ஒருவர் தம் உடலால் செலுத்திக்கொண்டிருக்கின்றார். ஆதலின், அவ்விழப்பை விலையில் சேர்க்கவேண்டும் என்னும் கொள்கை நேர்மையானதே. ஆனால், விலையேற்றம் ஒரு கருவி. அது தனித்து நின்று வெற்றி தருவதில்லை. உழவன் ஏர் ஒன்றைக் கொண்டே விளைச்சலைக் காண்பதில்லை. நீரும் விதையும் பருவமும் கூடவேண்டும். அவ்வாறே விலையோடு மாற்று வழியும், சட்டமும், நடுவுநிலையும் கூடவேண்டும்.

எரிபொருளின் விலையை உயர்த்தக் கருதும் எந்த அரசாங்கத்தையும் நான்கு வினாக்களைக் கேட்கலாம். விலை ஏறும் நாளுக்கு முன்பே மக்கள் செல்லப் பேருந்தும் இரயிலும் நடைபாதையும் அமைந்துள்ளனவா? சுமை, தாங்கும் வலிமை உடையவர்மேல் மிகுதியாகவும் இல்லாதவர்மேல் குறைவாகவும் விழுகின்றதா? வரியால் வந்த பணம் எங்கே செல்கின்றது என்பது மக்களுக்குத் தெரிகின்றதா? மக்கள் தம் வாழ்க்கையை மாற்றிக்கொள்ளப் போதிய காலம் தரப்பட்டுள்ளதா? நான்குக்கும் 'ஆம்' என்னும் விடை வருமாயின், விலையேற்றம் நல்ல மருந்தாகும். 'இல்லை' என வருமாயின், அது நோயை நீக்காமல் நோயாளியையே நலியச் செய்யும்.

மாணவர்களே! இன்று நீங்கள் பள்ளிக்கு வரும் வழியில் நுகரும் காற்று, நேற்று யாரோ எரித்த எண்ணெயின் மிச்சத்தைத் தாங்கி நிற்கின்றது. நாளை நீங்கள் வாக்களிக்கும் குடிமக்கள் ஆவீர்கள். உங்களுள் சிலர் வரி விதிக்கும் இடத்திலும் அமர்வீர்கள். அந்நாளில், தெருவோரத்துக் குழந்தையின் மூச்சையும், சந்தைக்குச் செல்லும் சிறு வணிகரின் பையையும் ஒருங்கே எண்ணிப் பாருங்கள். அவ்விரண்டனுள் ஒன்றைக் காக்க மற்றொன்றைப் பலியிடாத வழியே சிறந்த வழியாகும்.